கீமோ நாட்களில் உறக்கம்: மாத்திரையா, பழக்கமா, பேச்சா?

முதல் கீமோ முடிந்து வீடு திரும்பிய அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா பலகை போட்டு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் பளிச்சென்று இருந்தது. "உறக்கம் வரல்ல மக்கா. சும்மா கெடக்கதுக்கு இதையாவது செய்யலாம்னு எந்திச்சேன்" என்றாள். அடுத்த இரண்டு ராத்திரியும் அப்படித்தான். நான்காம் நாள் பகல் முழுக்கச் சுருண்டு படுத்துக் கிடந்தாள். அன்றைக்கு ராத்திரி மறுபடியும் உறக்கம் இல்லை.

நாங்கள் கேரள எல்லையோரம், களியக்காவிளைப் பக்கம். சிகிச்சை திருவனந்தபுரத்தில். மார்புப் புற்றுநோய் என்று உறுதியானபோது நாங்கள் கேட்ட கேள்விகளில் உறக்கம் என்ற சொல்லே கிடையாது. எத்தனை கீமோ, முடி கொட்டுமா, பாறசாலை வழியாகப் பஸ்ஸில் கூட்டிப்போகலாமா, கார் பிடிக்கணுமா, இவைதான் கேட்டோம். சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வரைக்கும் உறக்கக் கோளாறு வருகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அந்த நான்கு நாளில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மருந்துக்கடையில் நல்ல உறக்க மாத்திரை ஒன்று வாங்கிவருகிறேன் என்றார் அத்தான். பெரியம்மா அமுக்கராப் (அசுவகந்தா) பொடியைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு டீச்சர் யோகா என்றார். மருத்துவமனையில் கவுன்சலிங் உண்டே என்றது என் மகன். எட்டு கீமோவுக்குள் இவற்றில் பலதைச் செய்து பார்த்தோம், சிலதைக் கேட்டு விசாரித்து விட்டுவிட்டோம். எதை எப்போது எடுப்பது என்று உங்கள் வீட்டிலும் யோசனை ஓடினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், உறக்கத்தைக் கெடுப்பது எது என்று பார்த்துவிட வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல்தான் ஒரு சைக்கிள் (ஒரு கீமோவிலிருந்து அடுத்த கீமோ வரையான நாட்கள்) முழுக்க வீணாகப் போனது.

கீமோவோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். குமட்டலும் ஒவ்வாமையும் வராமல் இருக்கத்தான் அது. சிலருக்கு அடுத்த இரண்டு மூன்று நாளும் மாத்திரையாக எழுதிக்கொடுப்பார்கள். அக்காவின் சீட்டில் 1-0-1 என்று இருந்தது. காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ராத்திரி மாத்திரைதான் அவளை ஒன்றரை மணிக்கு மரச்சீனி உரிக்க வைத்தது. முகம் சிவந்ததும் அதனால்தான். இரண்டாவது கீமோவுக்குப் போனபோது நர்ஸிடம் இதைச் சொன்னேன். "ரெண்டாவதை மத்தியானச் சாப்பாட்டோட குடுங்க, ரெண்டு மணிக்கு மேல வேண்டாம்" என்றார். டாக்டரிடமும் கேட்டோம், சரி என்றார். டெக்சாவின் வேலை உடம்பில் 36 மணி நேரத்திலிருந்து 54 மணி நேரம் வரை நிற்கும். ஆகவே நேரத்தை மாற்றியதால் மட்டும் முழு உறக்கம் வந்துவிடவில்லை. ஆனால் அந்தத் தடவை அக்கா சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் உறங்கினாள். புதிதாக ஒரு மாத்திரையும் கூட்டாமல், ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த மூன்று மணி நேரம். (ஸ்டீராய்டை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. நேரத்தை மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள்.)

வேறு காரணங்களும் உண்டு. ட்ரிப் நிறைய ஏற்றிய அன்று ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டிவரும். டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடு ராத்திரியில் குப்பென்று உடம்பு கொதித்து வேர்க்கும். வலி இருந்தால் வலிக்குத்தான் மருந்து வேண்டும், உறக்கத்துக்கு இல்லை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்குக் காலை ஒரு இடத்தில் வைக்கவிடாது. படுத்தால் எழுந்து நடக்கத் தோன்றும், பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் மாதிரித் தெரியும். அது மருந்தின் வேலை, டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். கீமோ நாட்களில் ராத்திரி நடுக்கத்தோடு விழித்தால் முதலில் காய்ச்சல் பாருங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது, உடனே கிளம்பிவிட வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். லோராசெபாம், குளோனாசெபாம், அல்பிரசோலாம், சோல்பிடெம் என்று பல பெயர்கள். இவற்றின் பெரிய நன்மை, சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்யும். வேறு எந்த வழிக்கும் அது கிடையாது. ஸ்கேன் முடிவுக்கு முந்தின ராத்திரி, ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, ஸ்டீராய்டு ஓடுகிற இரண்டு மூன்று ராத்திரி, இப்படி முடிவு தெரிந்த நாட்களுக்கு மாத்திரை நல்ல துணை. மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே வாந்தி வருகிறவர்களுக்கு லோராசெபாம் அதற்கும் உதவும்.

கெடுதல் எங்கே என்றால், தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். பிறகு சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக உறக்கம் கெடும். இன்னொன்று, விழுவது. எங்கள் வீட்டில் கக்கூஸ் வெளியே, மூன்று படி இறங்கணும். கீமோவில் இரத்தத் தட்டணு (இரத்தத்தை உறையவைப்பது) குறைந்திருக்கும் நாளில் மயக்கத்தில் அந்தப் படியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு உதறல் எடுக்கும். மாத்திரை போட்ட ராத்திரிகளில் நான் அவள் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தேன். சோல்பிடெம் பெண்களின் உடம்பில் மறுநாள் காலைவரைகூடத் தங்குகிறது என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாக, 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. உறக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகள் பற்றி 2019-இல் இன்னும் கடுமையான எச்சரிக்கை போடவைத்தது. வலிக்கு மார்ஃபின் சாப்பிடுகிறவர்கள் இந்த உறக்க மாத்திரைகளைச் சேர்த்து எடுத்தால் மூச்சு மந்தப்படலாம். இவ்வளவு இருக்கும்போது அத்தான் சொன்னது போல மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பொருளா இது?

டாக்டரிடம் கேட்க வேண்டிய இன்னொரு விஷயம் ஒலான்சபின். இது வாந்தியை அடக்க இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கிற மாத்திரை, உறக்கமும் வரவைக்கும். ராத்திரியில் எடுத்தால் ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. இதன் அளவைப் பற்றி மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. வாந்தியை அடக்குவதில் 10 மில்லிகிராமுக்கு 2.5 மில்லிகிராம் சளைக்கவில்லை, பகல் மயக்கமும் குறைவு என்று அதில் தெரிந்தது. குமட்டலும் உறக்கமின்மையும் சேர்ந்து இருப்பவர்கள், தனியாக உறக்க மாத்திரை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். அப்புறம், கவலைக்கு மருந்து எழுத வேறு டாக்டரிடம் போனால் டாமாக்சிஃபென் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். பராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் என்ற மருந்துகள் டாமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். அதற்குப் பதிலாகக் கொடுக்க வேறு மருந்து இருக்கிறது.

அக்காவுக்கு டாக்டர் எழுதியது ஒவ்வொரு சைக்கிளிலும் மூன்று ராத்திரிக்கு மட்டும், குறைந்த அளவில். மூன்று மாத்திரைதான் வாங்கினோம், அட்டை முழுக்க வாங்கவில்லை. என் அபிப்பிராயத்தில் மாத்திரை எடுப்பதென்றால் ஆரம்பிக்கிற அன்றைக்கே எந்த ராத்திரியோடு முடியும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பழக்கம். உறக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் தொடங்கியது, 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் இன்னொரு பகுதியைச் சேர்த்தார். சாரம் இதுதான்: கட்டில் உறங்க மட்டும். உறக்கம் வராமல் இருபது நிமிஷம் போல ஆனால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காரணும், கண் சொருகும்போது திரும்பணும். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பணும். ஸ்பீல்மன் சேர்த்தது, கட்டிலில் இருக்கும் நேரத்தையே குறைத்து உறக்கத்தை இறுக்குவது. நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் சொன்னது.

இது எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் விளங்கும். இரண்டு அறை வீடு. அத்தான் ரப்பர் வெட்டப் போகிறவர், நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கீமோ தொடங்கிய பிறகு அக்காவின் கட்டில் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. கஞ்சி அங்கே, மாத்திரை டப்பா அங்கே, போன் சார்ஜர் அங்கே. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த புற்றுநோய்க் கதைகளை எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டிலில் ராத்திரி எப்படி உறக்கம் வரும்? முன்னறையில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டோம். கஞ்சியும் பேச்சும் அங்கே. கட்டிலில் தலையணையைத் தவிர எதுவும் கூடாது. பகலில் படுப்பதென்றால் மத்தியானம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம். மாலையில் குடிக்கும் கட்டன் சாயாவை நிறுத்தினோம். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, சீரகத் தண்ணீரை இரண்டு வாரம் முறைத்துப் பார்த்தாள்.

கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறைக்கும் அந்தக் கடுமையான பகுதியை நாங்கள் தொடவில்லை. கீமோ களைப்பில் இருக்கிறவர்களை, இரத்தம் குறைந்தவர்களை, அதிலும் வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களை வீட்டில் நாமாக உறங்கவிடாமல் வைப்பது சரியில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் உறக்கம் சரியாகாவிட்டால், தெரிந்த உளவியலாளரிடம் நாலு முதல் எட்டு வாரம் போய் முறையாகச் செய்யலாம். கீமோ காலத்துக்கு இதன் இளகிய பாதியே போதும். பலன் தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

டீச்சர் சொன்ன யோகா? இதற்கு நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. 2013-இல் அமெரிக்காவில் 410 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இரண்டு வகுப்பாக நாலு வாரம் மென்மையான யோகா செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்றாக உறங்கினார்கள். 2014-இல் கனடாவில் 111 பேரிடம் நடத்தைச் சிகிச்சையையும் தியானப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முடித்த கையோடு பார்த்தபோது நடத்தைச் சிகிச்சைதான் மேல், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தியானமும் அதன் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இந்த இரண்டிலும் இருந்தவர்கள் சிகிச்சையை முடித்தவர்கள். கீமோவின் நடுவில் இருக்கிற ஒருவருக்கு அதே அளவு பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தூக்கி வளைக்கும் ஆசனங்களை டாக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. அக்கா செய்தது, படுத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடுவதும், சாயங்காலம் ரப்பர் தோட்டத்து வழியில் இருபது நிமிஷம் நடப்பதும். நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் ராத்திரி வித்தியாசம் தெரிந்தது என்பது அவள் வாக்கு.

அமுக்கராவைப் பற்றிப் பெரியம்மாவிடம் பேசுவது எனக்கு எளிதாக இல்லை. இந்தப் பக்கம் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் வர்மமும் ஒரே தெருவில் இருக்கும், நாங்கள் எல்லாரும் அதில் வளர்ந்தவர்கள். ஆனாலும் கீமோ ஓடும்போது வேண்டாம் என்றுதான் முடிவு செய்தோம். பல கீமோ மருந்துகளைக் கல்லீரல்தான் கையாள வேண்டும். அமுக்கரா எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக, இந்திய நோயாளிகளை வைத்தே 2023-இல் மருத்துவக் கட்டுரை வந்திருக்கிறது. அடுத்த கீமோவுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறியிருந்தால் கீமோ தள்ளிப்போகும், அது எதனால் ஏறியது என்றும் யாருக்கும் புரியாது. உறக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கமும் கூடலாம். பெரியம்மாவிடம், "பாலை மட்டும் வெதுவெதுன்னு நீங்களே கொண்டு குடுங்க பெரியம்மா" என்றேன். எட்டு மாசமும் கொண்டு கொடுத்தாள்.

இவ்வளவும் உறக்கத்துக்கு. கவலை என்பது வேறு. மாத்திரை கண்ணை மூடவைக்கும், ஆனால் ரெண்டு மணிக்கு விழித்தவுடன் அந்த நினைப்பு அங்கேயே காத்திருக்கும். இதற்குப் பேச்சுதான் வழி.

பேச்சில் மொழி எவ்வளவு பெரியது என்று திருவனந்தபுரம் போய்த்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர், "உறக்கம் உண்டோ?" என்று கேட்பார். எங்கள் ஊரிலும் உறக்கம் என்றுதான் சொல்கிறோம், எனவே கேள்வி விளங்காமல் இல்லை. அக்கா "உண்டு" என்பாள், அவ்வளவுதான். கவுன்சலர் நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். அக்காவுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், சீரியல் எல்லாம் பார்க்கிறவள். ஆனால் "நான் போயிட்டா மோளுக்கு யாரு" என்ற ஒன்றை இன்னொரு பாஷையில் வாக்கியமாக அடுக்கிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. வெளியே பெஞ்சில் வந்து என்னிடம் சொன்னாள். எனவே எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வேன்: சிகிச்சை எந்த ஊரிலும் நடக்கட்டும், மனசு விட்டுப் பேசுகிற ஆளைத் தாய்மொழியில் தேடுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்துப் பேச ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாலியேட்டிவ் (நோயின் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை) என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் பயந்தோம், கடைசி நாளுக்கானது என்று நினைத்து. அப்படி இல்லை. உறக்கம், வலி, பயம், இவைதான் அவர்களின் தினசரி வேலை, சிகிச்சை நடக்கும்போதே பார்க்கலாம். கேரளம் இதில் நெடுநாளாக முன்னால் நிற்கிறது. 2008-இலேயே இதற்கென அரசுக் கொள்கை வகுத்தது, அங்கே பஞ்சாயத்துவாரியாக நர்ஸ்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நம் பக்கத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் ரேஷன் கார்டு இருப்பவர்கள் இதைத்தான் கேட்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

கடைசியாக ஒன்று, நாற்பது பக்க நோட்டு. படுக்கப் போகும்முன் ஐந்து நிமிஷம் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவைத்தவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாக உறங்கினார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் இருந்தது நோயில்லாத 57 இளைஞர்கள், அதனால் இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஒருநாள் பக்கத்தில் இருந்தது இது: ரப்பர் ஷீட் கடையில் பாக்கி வாங்கணும். மோளுக்குப் பரீட்சைப் பணம் திங்கள் கடைசி. தலைக்கு மெல்லிசுத் துண்டு ரெண்டு. வலது கை விரல் மரக்குது, டாக்டர்ட்ட கேக்கணும். ரெண்டு மணிக்கு உறக்கம் வரல்ல, அப்பா நெனப்பு.

ஆறாவது கீமோவுக்குப் போனபோது டாக்டர் வழக்கம்போல "உறக்கம் உண்டோ?" என்றார். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து, எந்தெந்த ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தாள், எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டாள் என்று தமிழிலேயே வாசிக்கத் தொடங்கினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.